மாயம் மலிவானால்…!

“மந்திரம் பொய், மாயம் பொய், பேயும் பிசாசும் பொய் என்று மேடைதோறும் முழங்கும் நீங்கள், மாயக் கதைகளுக்காக வழக்காட வருவானேன்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேட்கட்டும்! கேள்வி பிறக்கும் இடத்தில்தான் பகுத்தறிவு பிறக்கிறது. பொய் என்று தெரிந்து சுவைப்பது கலை. மெய் என்று நம்பி மயங்குவது மடமை. முன்னதை வளர்க்க வேண்டும்; பின்னதை வேரோடு களைய வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, எல்லாம் குப்பை என்று வீசுவோரும் தவறுகிறார்கள். எல்லாம் உண்மை என்று பூசிப்போரும் தவறுகிறார்கள்.

ஒரு படி மேலே சென்றும் சொல்வேன். மாயக் கதையின் முழுச் சுவையையும் நுகரத் தக்கவன் பகுத்தறிவாளனே! கல் கீழே விழும் என்று அறிந்தவனுக்கல்லவா, கல் மிதந்தால் வியப்பு? மாண்டவன் மீளான் என்று தெளிந்தவனுக்கல்லவா, மாண்டவன் வந்து கதவைத் தட்டினான் என்னும் கதையில் மெய்சிலிர்ப்பு? தெருவுக்கு ஒரு பேய், மரத்துக்கு ஒரு முனி, வேலிக்கு ஒரு வேதாளம் என்று நம்பி வாழ்பவனுக்குப் பேய்க்கதை கதையன்று, ஊர்ச் செய்தி! செய்தியில் வியப்பு ஏது?

இந்த எண்ணத்தை என் உள்ளத்தில் கிளறிவிட்டது ஒரு விளையாட்டு. திருநெல்வேலிச் சந்திப்புக்கு வடக்கே இருக்கிறது எங்கள் தச்சநல்லூர். ஒரு காலத்தில் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த தனியூர். இன்று நெல்லை மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று. அங்கே என் வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் என் பெயரனும் அவனுடன் கல்லூரியில் பயிலும் நண்பர்களும் கூடுகிறார்கள். ஒருவன் கதையை நடத்துகிறான். மற்றவர்கள் வீரன், கள்வன், மந்திரக்காரி என்று ஆளுக்கொரு வேடம் தாங்குகிறார்கள். ஒப்பனை இல்லை, மேடை இல்லை. சொல்லே ஒப்பனை, சொல்லே மேடை. “எதிரே ஒரு குகை. என்ன செய்கிறாய்?” என்று நடத்துபவன் கேட்பான். ஆடுபவர் விடை சொல்வார். இருபது முகங்கொண்ட பகடை உருண்டு, வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்யும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட ஆட்டத்தின் வழிவந்தது இது.

இதைக் கண்டு நான் முகம் சுளிக்கவில்லை, மகிழ்ந்தேன். அலைபேசித் திரையில் தனித்தனியே புதைந்து கிடக்கும் வயதில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதை புனைகிறார்கள். ஆணும் பெண்ணும் நிகராக அமர்ந்து வழக்காடுகிறார்கள். இது நமக்கு வேண்டிய காட்சியல்லவா?

ஆனால், சாய்வு நாற்காலியிலிருந்து சில வாரம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று புலப்பட்டது. அந்தக் கதையில் கதவைத் திறந்தால் அரக்கன். கிணற்றை எட்டிப் பார்த்தால் பூதம். மரத்தடியில் ஒதுங்கினால் பேய். அங்காடியிலோ, மாய வாளும் மாய மோதிரமும் கருப்பட்டியைப்போல் நிறுத்து விற்கப்படுகின்றன. ஏழாவது அரக்கன் உறுமிக்கொண்டு வந்தபோது, மந்திரக்காரி வேடம் பூண்ட பெண், நிலக்கடலையை உரித்தபடியே, “ஏல, இதுக்கு எத்தன உசுரு? சீக்கிரம் சொல்லு, உருட்டணும்” என்றாள். அரக்கனைக் கண்டு அலற வேண்டியவள், அவனுக்குக் கணக்குப் பார்க்கிறாள்!

அவள்மேல் குற்றமில்லை. அந்த ஆட்டத்துக்கென்றே அரக்கர் அகராதி ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டில் முதலில் அச்சேறியது. 350க்கு மேற்பட்ட கொடிய உயிர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வலிமை இவ்வளவு, விரைவு இவ்வளவு, அதை வீழ்த்தினால் பரிசு இவ்வளவு என்று அட்டவணையிட்ட நூல் அது. ஆட்டம் நடத்துவோருக்குப் பெரிதும் பயன்படும் நூல்தான். ஆயினும், அட்டவணையில் அகப்பட்ட அரக்கன் பாதி இறந்தவன். பெயரும் விலையும் தெரிந்த பிறகு எதுவும் பண்டமாகிவிடுகிறது.

“பயமே வர மாட்டேங்குது தாத்தா. இன்னும் பெரிய பூதமா விடணுமோ?” என்று கேட்டான் பெயரன். “பூதத்தைப் பெருக்காதே, அப்பா, குறை” என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் சுடலைமாடனுக்குக் கொடை நடக்காத ஊர் குறைவு. மாடனை வணங்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். ஆயினும், அந்த இரவை வகுத்தமைத்த கலைஞர்களின் திறத்தைப் பாராட்டாதிருக்க என்னால் இயலாது. வில்லுப்பாட்டு தொடங்கும்போது பேயும் வராது, பூதமும் வராது. வில்லில் மணிகள் குலுங்கும்; குடம் ஒலிக்கும்; உடுக்கை பேசும். மாடனின் பிறப்பும் வளர்ப்பும் மெல்ல மெல்ல விரியும். கேட்போர் நெஞ்சில் எதிர்பார்ப்பு, அணைக்கட்டில் நீர் ஏறுவதுபோல் ஏறும். நள்ளிரவில் சாமக்கொடை. கணியான் கூத்தின் மகுடம் அதிர, கோமரத்தாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டை நோக்கி வேட்டைக்குப் புறப்படுவார். ஊர் பின்தொடராது; காத்திருக்கும். அங்கே என்ன நடந்தது என்பதை ஊர் காண்பதில்லை. காணாமையே அச்சத்தின் கருவறை!

பீடத்தையும் பாருங்கள். சுதை பூசிய செங்கற் பீடம், மேலே செல்லச் செல்லக் குறுகி நிற்கும். பல இடங்களில் அதற்கு முகமே கிடையாது. பல்லும் நாக்கும் வரைந்து அஞ்சவைக்கும் பொம்மையைவிட, முகமில்லாத அந்த வெள்ளைப் பீடம் மாலை மயங்கும் வேளையில் நெஞ்சை உலுக்குகிறது. ஆண்டுக்கு ஒரு கொடை, கொடைக்கு ஒரு நள்ளிரவு, அந்த நள்ளிரவில் சிறிது நேரம். இந்தச் சிக்கனம்தான் அக்கலையின் உயிர். நாள்தோறும் சாமக்கொடை நடந்தால், மாடனைப் பார்த்து ஊர் கொட்டாவி விடும்.

கலையின் இந்த நுட்பத்தைத் தமிழன் மேலைநாட்டில் கடன் வாங்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டைப் பகுத்தபோது, மருட்கை என்னும் வியப்புக்கு நிலைக்களன் நான்கு என்றார். முன்பு கண்டிராதது ஒன்று. அளவுக்கு மீறிப் பெரியது ஒன்று. அளவுக்கு மீறிச் சிறியது ஒன்று. ஒன்று வேறொன்றாய் ஆவது ஒன்று. நான்கையும் எண்ணிப் பாருங்கள். வழக்கமான அளவு எது என்று தெரிந்தால்தானே பெருமையும் சிறுமையும் தெரியும்? பழையது எது என்று தெரிந்தால்தானே புதுமை புலப்படும்? வியப்பு என்னும் மாளிகைக்கு அன்றாடம் என்பதே அடித்தளம். அடித்தளமில்லாமல் மாடம் எழுப்பினால் மண்தான் மிஞ்சும்.

அச்சத்துக்கும் அவர் நான்கு களன் சொன்னார்: அணங்கு, விலங்கு, கள்வர், ஆளும் தலைவன். நான்கில் ஒன்றுதான் இயற்கைக்கு அப்பாற்பட்டது! மற்ற மூன்றும் இந்த மண்ணைச் சேர்ந்தவை. கதை நடத்தும் இளைஞர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொள்ளட்டும். மூன்று முறை காட்டு விலங்கும் கள்வனும் கொடுங்கோலனும் அச்சுறுத்தட்டும். நான்காம் முறை அணங்கு வரட்டும். அப்போது நிலக்கடலை தானாகவே கைநழுவும்.

நெல்லைச் சீமை தமிழுக்குத் தந்த புதுமைப்பித்தன் இதை அறிந்திருந்தார். 1943ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘காஞ்சனை’யில் பேய்க்கூட்டம் இல்லை, எலும்புக்கூடு இல்லை, இரத்தக் குளம் இல்லை. வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு பெண். இரவில் எழும் ஒரு நாற்றம். கதை சொல்பவனின் உள்ளத்தில் ஓர் ஐயம். இவ்வளவே. அவள் யார் என்பதைக் கதை முடிந்த பின்பும் நாம் நம் வீட்டு இருட்டில் நின்று எண்ணிப் பார்க்கிறோம். கடவுளையும் கிண்டல் செய்யத் தயங்காத பேனா அது. ஐயுறத் தெரிந்தவன் எழுதியதால்தான் அந்த அச்சம் அத்தனை கூர்மை பெற்றது.

அருமைக்கு அடுத்தது ஒழுங்கு. மாயத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும். விக்கிரமாதித்தன் கதை ஏன் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது? முருங்கை மரத்தில் தொங்கியது ஒரே வேதாளம். அதற்கு ஒரே நிபந்தனை. விடை தெரிந்தும் பேசாவிட்டால் மன்னன் தலை வெடிக்கும். பேசிவிட்டாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். அந்தப் பொறியில் மன்னனோடு நாமும் அகப்பட்டு, யார் செய்தது அறம், யார் செய்தது பிழை என்று மூளையைக் கசக்குகிறோம். மாயம் இங்கே அறிவை மழுக்கவில்லை. அறிவுக்குச் சாணை பிடிக்கிறது!

1951இல் வந்த ‘மர்மயோகி’ திரைப்படத்தையும் எண்ணிப் பாருங்கள். பேய் தோன்றுவதால் வயதுவந்தோர்க்கு மட்டும் என்னும் சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்று பெயர் பெற்றது. பேயாக நடமாடியவரோ, கொல்லப்பட்டதாகக் கருதப்பட்ட மன்னர், உயிரோடுதான் இருந்தார்! அஞ்சி நடுங்கிய மக்கள், காரணம் தெரிந்ததும் கைதட்டினார்கள். காரணம் வெளிப்பட்டதால் சுவை குன்றவில்லை, கூடிற்று.

இவற்றையெல்லாம் கேட்ட பெயரன், கதையைப் பொருநைக் கரைக்குக் கொண்டுவந்தான். சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றிலிருந்து எடுத்த நெல்லின் காலம், ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதல்லவா? அந்தப் பழங்காலத்தைக் களமாக்கினான். முதல் மூன்று வாரம் மாயமே இல்லை. முத்துக் குளிப்போரின் கடன், ஆற்றுவெள்ளம், உப்பு வண்டியை மறிக்கும் கள்வர், தானியத்தைப் பூட்டிவைத்த ஒரு தலைவன். நான்காம் வாரம், செம்பும் கல்லும் மட்டுமே கண்ட மலைக்குடியொன்றின் கையில் ஓர் இரும்பு வாள் கிடைத்தது. மந்திரமன்று, வெறும் இரும்பு! அதை யார் ஏந்துவது, எதற்குப் பயன்படுத்துவது, பகைவரிடம் விற்கலாமா என்று அரைநாள் வழக்காடினார்கள். ஐம்பது மாய வாள்களுக்கு வாய்க்காத மதிப்பு ஒரு மெய்யான வாளுக்கு வாய்த்தது. மனித உழைப்பும் அறிவும் உண்டாக்கிய வியப்புக்கு முன், மந்திரக்கோல் வெறும் மரக்குச்சிதான்.

இதுவரை சொன்னது கதைக்கலை. இனிச் சொல்வது நம் நெஞ்சைச் சுடுவது.

முன்பு கூறிய அந்த 1977ஆம் ஆண்டு அரக்கர் அகராதியில், ‘ராட்சசன்’ என்றொரு பெயரும் இடம்பெற்றது. நம் நாட்டுக் காப்பியங்களிலிருந்து புறப்பட்ட சொல், கடல் கடந்து, புலித்தலையும் வஞ்சக நெஞ்சும் கொண்ட உயிராய் அட்டவணையில் அமர்ந்தது. கண்டதும் எனக்குப் பழைய காயம் நினைவுக்கு வந்தது. அரக்கர் என்று ஏட்டில் எழுதப்பட்டவர்கள் யார்? அவர்களை அரக்கர் என்று எழுதிய கை யாருடையது? திராவிட இயக்கம் எழுப்பிய இந்தக் கேள்வி எளிதில் அடங்கிற்றா? 1943ஆம் ஆண்டில் அண்ணா, இந்தப் பொருநைக் கரையின் இராசவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளையோடு கம்பராமாயணம் குறித்து மேடையில் சொற்போர் நிகழ்த்தினார். புலவர் குழந்தை 1946ஆம் ஆண்டில் ‘இராவண காவியம்’ படைத்து, அரக்கன் எனப்பட்டவனைத் தமிழ்த் தலைவனாக நிறுத்தினார். 1948இல் அந்நூலுக்கு அரசு தடை விதித்தது. 1971இல் கலைஞர் ஆட்சியில்தான் தடை நீங்கியது. ஒரு சொல்லின் பொருளை மாற்ற எழுதப்பட்ட ஏட்டுக்கு, 23 ஆண்டு விலங்கு!

பிறப்பினாலேயே ஓர் இனம் முழுதும் கொடியது என்று வகுப்பது கதையிலும் சோம்பேறித்தனம். கொடுமை செய்ததால் ஒருவன் அரக்கன் என்றால், அவன் ஏன் அப்படி ஆனான் என்று கேட்கலாம், திருத்தலாம், எதிர்க்கலாம். அரக்கனாகப் பிறந்ததால் கொடியவன் என்றால், கேட்பதற்கு என்ன இருக்கிறது? வெட்ட வேண்டியதுதான்! மேலைநாட்டு ஆட்டக்காரர்களிடையேயும் இந்தக் குரல் எழுந்தது. 2020ஆம் ஆண்டில், அவ்வாட்டத்தை வெளியிடும் நிறுவனமே, சில இனங்களை இயல்பிலேயே தீயவையாகக் காட்டிய வழக்கத்தை மாற்றிக்கொள்வதாக அறிவித்தது. நல்லது. நம்மவர்க்கு இது புதிய பாடமன்று.

புதிய பாடமன்று, ஆனால், படித்து முடித்த பாடமா? 2023ஆம் ஆண்டு ஆகத்தில், நம் மாவட்டத்து நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும், அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில், மாணவர் கையில் சாதிக்கொரு வண்ணமாய்க் கயிறு கட்டும் வழக்கத்தைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அந்த வண்ணக் கயிறு எது? அதுவும் ஓர் அரக்கர் அகராதிதான்! இந்த நிறம் நம்மவன், அந்த நிறம் பகைவன். குணம் பார்க்க வேண்டாம், கயிற்றைப் பார் என்கிறது. ஒரே வாய்க்கால் நீர் விளைவித்த நெல்லை உண்டு, ஒரே பேருந்தில் தொங்கிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், ஒருவரையொருவர் பிறப்பைக் கொண்டு அரக்கராய்க் காணப் பழகுகிறார்கள். அரக்கன் மலிவானதன் விளைவு இது.

மாயம் மலிவானதன் விளைவோ, ஏர்வாடியில் எரிந்தது. 2001 ஆகத்து 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டார்கள். பேய் பிடித்தது, சூனியம் வைத்தார்கள் என்னும் நம்பிக்கையோடு மனநோயாளரை அழைத்துவரும் ஊர் அது. இது ஒரு மதத்தின் குறையன்று. கோயிலும் தர்காவும் தேவாலயமும் ஆகிய எல்லா வாயில்களிலும் பேயோட்டக் காத்திருக்கும் கூட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். மருந்து கேட்ட மூளைக்கு மந்திரம் ஓதினார்கள். மருத்துவர் தொட வேண்டிய கையில் சங்கிலி பூட்டினார்கள்.

கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புத ஆற்றலை மெய்ப்பித்துக் காட்டுவோர்க்கு ஓரிலட்சம் ரூபாய் தருவதாக அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை வென்றவர் ஒருவருமில்லை. தெருத்தெருவாய் மலிந்து கிடப்பதாகச் சொல்லப்பட்ட மாயம், தேர்வுக்கூடத்துக்கு மட்டும் வரவில்லை!

ஆகவே, இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கதை கட்டுங்கள், வேடம் தாங்குங்கள், பகடை உருட்டுங்கள். உங்கள் கதையில் முதலில் சோற்றுக்கு விலை இருக்கட்டும். ஆற்றுக்குக் கரை இருக்கட்டும். மனிதனுக்கு மானம் இருக்கட்டும். அந்த உலகம் மெய்போல் நிலைபெற்ற பிறகு, ஒரு நள்ளிரவில், ஒரே ஒரு முறை, இயற்கையின் சட்டம் இம்மியளவு பிசகட்டும். அப்போது வரும் அரக்கன் ஓர் இனத்தின் பெயரோடு வர வேண்டாம். தான் செய்த கொடுமையின் பெயரோடு வரட்டும். ஏன் இப்படி ஆனாய் என்று அவனைக் கேட்கும் உரிமை ஆடுவோர்க்கு இருக்கட்டும்.

விளையாட்டு முடிந்து விளக்கை ஏற்றிய பின், வீட்டில் ஒருத்தி காரணமில்லாமல் அழுதால், அவளைப் பேயோட்டியிடம் இழுத்துச் செல்லாதீர்கள். அருகே அமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பள்ளித் தோழன் கையில் எந்த நிறக் கயிறு என்று பார்க்காதீர்கள். உங்கள் கையில் இருந்தால் அவிழ்த்தெறியுங்கள். கதைக்குள் மாயம் அருமையாய் வாழ வேண்டுமானால், கதைக்கு வெளியே அது குடியிருக்க இடம் கொடுக்கக் கூடாது.